பழைய இரும்புப் பதில்கள்

கொழும்பு பஞ்சிகாவத்தையில் வாகன உதிரிப்பாகக் கடையொன்றின் கவுண்டருக்குப் பின்னால் 38 வருடம் நின்றேன். இப்போது கடை மகனிடம், பழைய கார்களைப் பற்றிய கேள்விகள் என்னிடம். பெயர் போட வேண்டாம் என்று இம்முறை பலர் எழுதியிருப்பதால் எல்லோருக்கும் ஊர் மட்டும்.

போன மாதம் கொழும்பு 7இல் பழைய கார் கண்காட்சிக்குப் பேரனைக் கூட்டிப் போனேன். கூரை இல்லாத ஜாகுவார், நீட்டு பென்ஸ் எல்லாம் மினுமினுவென்று நின்றன. ஆனால் சனம் மொய்த்தது ஒரு சாம்பல் நிற மொரிஸ் மைனரை. எங்கள் காலத்தில் லேனுக்கு நாலு நின்ற கார். இது என்ன பைத்தியம்?
- வாசகி, வெள்ளவத்தை

அக்கா, அந்தச் சனத்துக்குள் நானும் நின்றேன். ஜாகுவாரைப் பார்க்க வந்தவர்கள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றினார்கள், படம் எடுத்தார்கள், போய்விட்டார்கள். மொரிஸிடம் வந்தவர்கள் கேட்காமலே கதவில் கை வைத்தார்கள். ஒருவர் ஜன்னலுக்குள் தலையை விட்டு மணந்தே பார்த்தார். "எங்கட பெரியப்பாட்ட இதே கலர் இருந்தது" என்று ஒருவர் தொடங்க, பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத ஆள் "எங்கட டொக்டரும் இதிலதான் வருவார்" என்று சேர்ந்துகொண்டார். கார்ச் சொந்தக்காரர் பாவம். மத்தியானம் வரை தன் காரைப் பற்றி ஒரு வார்த்தை பேச அவருக்கு இடம் கிடைக்கவில்லை.

ஜாகுவாரில் நம்மில் எத்தனை பேர் ஏறியிருப்போம்? மொரிஸில் ஏறாத குடும்பம் குறைவு. பிரசவ வலியோடு போனதும் அதில்தான், மூன்றாம் நாள் பிள்ளையோடு திரும்பியதும் அதில்தான். பின் இருக்கையில் ஐந்து பேர், ஆறாவது ஆள் மடியில், டிக்கியில் பலாப்பழம்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. 1948 ஒக்டோபரில் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில்தான் மொரிஸ் மைனர் முதலில் வெளிவந்தது. அதே கண்காட்சியில் வெளிவந்த இன்னொரு கார் ஜாகுவார் எக்ஸ்.கே. 120. ஒரே கூரையின் கீழ் பிறந்த இரண்டு பிள்ளைகள். ஜாகுவார் 12,000 சொச்சம்தான் செய்தார்கள். மைனர் 16 லட்சத்துக்கு மேல். அலெக் இஸ்ஸிகோனிஸ் வரைந்த வண்டி. பின்னாளில் மினியை வரைந்தவரும் அவர்தான். மைனரை முதலில் பார்த்த முதலாளி நஃபீல்ட் பிரபு, உடைத்து ஊற்றி அவித்த முட்டை மாதிரி இருக்கிறது என்று முகம் சுளித்ததாகச் சொல்வார்கள்.

அடுத்த முறை போனால் பேரனுக்கு ஒன்று காட்டுங்கள். பொனட்டின் நடுவில் முன்னிருந்து பின்னாகத் தட்டையான ஒரு பட்டை ஓடும். அது அழகுக்குப் போட்டதல்ல. எல்லாம் முடிந்த பிறகு கார் ஒடுக்கமாக இருக்கிறது என்று இஸ்ஸிகோனிஸுக்குப் பட்டது. மாதிரிக் காரை நெடுக்காக வெட்டி, இரண்டு பாதியையும் தள்ளி வைத்துப் பார்த்து, 4 அங்குலம் கூட்டினார். பம்பர்கள் ஏற்கெனவே செய்து முடிந்திருந்ததால் ஆரம்பகாலக் கார்களில் அவற்றையும் நடுவில் வெட்டி ஒட்டுப் போட்டார்கள். நம் ஊர் டிங்கரிங் பாஸ்மார் செய்கிற வேலை. அந்தப் பட்டையில் விரல் ஓடும்போதெல்லாம் எனக்கு ஒரு திருப்தி.

லேனுக்கு நாலு நின்றது எங்கே போயிற்று என்றால், என் கவுண்டரைத் தாண்டித்தான் போயிற்று. ஜாகுவார்க்காரர் துணி போட்டு மூடி வைத்தார். மொரிஸ்காரர் சாகும்வரை ஓட்டினார். அறுபதுகளில் இறக்குமதி இறுகிய பிறகு புதுச்சாமான் வருவது அரிதாகிவிட்டது. ஒரு மொரிஸ் ஓட இன்னொரு மொரிஸை உடைத்தார்கள். கியர்பெட்டி கொட்டாஞ்சேனைக்கு, கதவு நீர்கொழும்புக்கு, மிச்சம் நிறுவைக்கு. நானே எத்தனையை அப்படிப் பங்கு போட்டு விற்றிருப்பேன். அதனால் அந்தச் சாம்பல் நிறக் காரைப் பார்த்தபோது எனக்குக் கொஞ்சம் குற்ற உணர்வும் இருந்தது, சொல்லிவிடுகிறேன்.

அப்பா வைத்திருந்த மாருதி 800 வீட்டில் நிற்கிறது. பழைய இரும்புக்காரர் வாரத்துக்கு ஒருமுறை மணி அடிக்கிறார். கண்காட்சிக்குக் கொண்டுபோனால் சிரிப்பார்களா?
- வாசகர், கொட்டாஞ்சேனை

முதல் ஐந்து நிமிடம் சிரிப்பார்கள். பிறகு வரிசையாக நின்று படம் எடுப்பார்கள்.

இங்கிலாந்தில் இதற்கென்றே ஒரு விழா நடக்கிறது. 2014இல் தொடங்கியது. பெயரே "விசேஷம் ஒன்றுமில்லாத கார்களின் திருவிழா" என்ற பொருளில்தான். ஒரு காலத்தில் எல்லா வீட்டு வாசலிலும் நின்று, இன்று தேடினாலும் கிடைக்காத சாதாரணக் கார்களுக்கு மட்டும் அனுமதி. பெராரியில் வந்தால் வெளியே நிறுத்திவிட்டு நடந்து போக வேண்டியதுதான். 2022இல் முதல் பரிசு வாங்கியது எது தெரியுமா? மலேசிய புரோட்டன், 1989ஆம் ஆண்டு வண்டி. நம் ஊரில் புரோட்டனை யாராவது இரண்டாம் தடவை திரும்பிப் பார்த்திருப்போமா?

உங்கள் மாருதியும் அந்தச் சாதிதான். 796 சீ.சீ., மூன்று சிலிண்டர், 1983 டிசம்பரில் இந்தியாவில் முதல் வண்டி, 2014 தொடக்கத்தில் கடைசி வண்டி. கொழும்பில் முதல் கார் வாங்கிய எத்தனையோ ஆசிரியர்களுக்கும் கிளாக்கர்மாருக்கும் அதுதான் கார். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றபோது, கேலி செய்தவர்களே மாருதி இருக்கிறதா என்று என்னிடம் கேட்டு வந்தார்கள். 2022 எரிபொருள் தட்டுப்பாட்டில் கியூஆர் காட்டி வாரத்துக்கு 20 லீற்றர் பெற்றோல் வாங்கிய நாட்களில், பெரிய ஜீப்காரர்கள் கணக்குப் பார்த்துக்கொண்டிருக்க, மாருதிக்காரர் முகத்தில் ஒரு களை இருந்தது.

இரும்புக்காரரை அனுப்பிவிடுங்கள். காரைக் கழுவுங்கள், அதோடு நில்லுங்கள். புதுப் பெயின்ட் அடிக்காதீர்கள். என் தம்பியின் லான்சரை ஒரு கராஜ்காரர் (பெயர் வேண்டாம்) கேட்காமலே பளபளவென்று ஆக்கி, ஜன்னல் கண்ணாடியில் இருந்த பழைய ஸ்டிக்கர்களை எல்லாம் சுரண்டி எடுத்துவிட்டார். அதில் ஒன்று 1987இல் தம்பி படித்த டியூட்டரியின் ஸ்டிக்கர். தம்பி இன்றுவரை அந்தக் காரில் ஏற யோசிக்கிறான். அப்பா டேஷ்போர்டில் ஒட்டிய பிள்ளையாரைத் தொடாதீர்கள். கசெட் பிளேயர் வேலை செய்யாவிட்டாலும் அங்கேயே இருக்கட்டும். பதிவுப் புத்தகத்தை மட்டும் பத்திரமாக வையுங்கள். அது இல்லாவிட்டால் கார் அல்ல, இரும்புக்காரர் சொல்வதுதான்.

அலோய் வீல் போடலாமா?
- அதே வாசகர், அதே கடிதத்தின் பின்பக்கம்

போடலாம். எனக்குக் காட்ட வேண்டாம்.

யாழ்ப்பாணத்தில் மண்ணெண்ணெயில் கார் ஓடியது என்று அம்மா சொல்கிறார். மெக்கானிக்கல் படிக்கும் என் தம்பி, எஞ்சின் வெடித்துவிடும் என்று சிரிக்கிறான். யார் சரி?
- வாசகி, வத்தளை

அம்மா சரி. தம்பி புதுக் காரை நினைத்துச் சிரிக்கிறார்.

தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை. பெற்றோல் கிடைத்தால் அதிர்ஷ்டம், பற்றரியும் தடை. அங்கே தெருவில் மிச்சம் இருந்தவை ஒஸ்டின் ஏ40, சொமர்செட், மொரிஸ், கேம்பிரிட்ஜ் போன்ற கிழடுகள். அந்தக் கிழட்டுத்தனமே அவற்றைக் காப்பாற்றியது. ஏ40 டெவனின் எஞ்சின் 1,200 சீ.சீ. அது பெற்றோல் காற்றுக் கலவையை ஏழு மடங்கு சொச்சம்தான் அமுக்கும். இன்றைய கார்கள் பத்து மடங்கோ அதற்கு மேலோ அமுக்கும். அவ்வளவு அமுக்கினால் மண்ணெண்ணெய் நேரத்துக்கு முன்பே பற்றிக்கொண்டு 'டக டக' என்று அடிக்கும், பிஸ்டன் போய்விடும். குறைவாக அமுக்கும் எஞ்சினில் அது முணுமுணுத்துக்கொண்டு ஓடும்.

ஆனால் குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. ஆகவே ஒரு சின்னப் போத்தலில் பெற்றோலை வைத்து, காபரேற்றருக்குள் சில சொட்டு விட்டு, முன்னால் கம்பியைச் செருகிக் கையால் சுற்றி ஸ்டார்ட் பண்ண வேண்டும். சூடு ஏறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிடுவார்கள். ஏ40க்கு அந்தச் சுற்றும் கம்பி தொழிற்சாலையிலிருந்தே வந்தது. பற்றரி இல்லாவிட்டால் போகட்டும் என்று அந்தக் காலத்து ஆள் யோசித்து வைத்ததுபோல.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், 2002இல் யாழ்ப்பாணத்துக்கான ஏ9 பாதை திறந்ததும் அங்கிருந்து மெக்கானிக்மார் என் கவுண்டருக்கு வந்தார்கள். ஒருவர் சட்டைப்பையிலிருந்து ஒரு ஸ்பார்க் பிளக்கை எடுத்து மேசையில் வைத்தார். கரிக்கட்டை. "இதால பத்து வருசம் ஓடினது" என்றார். எரியாத மண்ணெண்ணெய் ஒழுகிக் கீழே போய் எஞ்சின் ஒயிலைத் தண்ணியாக்கிவிடும், அதனால் ஒயிலை அடிக்கடி மாற்ற வேண்டும், ஒயிலும் கிடையாது, கண் எரியும், சந்தியில் கார் திரும்பினால் வெள்ளைப் புகைதான் முதலில் வரும். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அவர் கேட்ட கஸ்கட் என்னிடம் இருந்தது. காசு வாங்கினேன். வாங்காமல் விட்டிருக்கலாம் என்று இப்போது படுகிறது.

கண்காட்சிகளில் ஏ40 நின்றால், வயது, நிறம், எத்தனை கை மாறியது எல்லாம் அட்டையில் எழுதியிருப்பார்கள். மண்ணெண்ணெய்க் கதையை மட்டும் எந்த அட்டையிலும் நான் இதுவரை காணவில்லை. தம்பிக்கு ஒரு வேலை கிடைத்துவிட்டது. அம்மாவிடம் கேட்டு எழுதச் சொல்லுங்கள்.

பழைய கார்களில் இலக்கத் தகட்டுக்கு ஏன் தனி விலை?
- மாணவன், தெஹிவளை

தகட்டைப் பார்த்துக் காலம் சொல்லலாம் தம்பி. சீ.எல்., சீ.வை., ஈ.என். என்று இரண்டு ஆங்கில எழுத்து இருந்தால் மிகப் பழசு. ஐம்பதுகளின் பின்பாதியில் இலக்கங்களுக்கு நடுவே சிங்கள 'ஸ்ரீ' எழுத்து வந்தது. பிறகு வெறும் இலக்கங்கள், 2000ஐ ஒட்டி மாகாணத்துக்கான ஆங்கில எழுத்துகள். சேகரிப்பவர்களுக்கு முதல் பதிவுத் தகடு அப்படியே இருந்தால் கண் விரியும்.

நமக்கு அந்த ஸ்ரீயில் வேறு ஞாபகமும் உண்டு. 1957, 58இல் அந்த எழுத்துக்கு எதிராகப் போராட்டம் நடந்தது, தார் பூசினார்கள், வடக்கில் தமிழ் ஸ்ரீ எழுதிக்கொண்டு கார் ஓட்டினார்கள். கண்காட்சியில் மெழுகு பூசிப் பளபளக்கும் ஒரு ஸ்ரீ தகட்டின் முன் என் வயதுக்காரர் ஒருவர் சும்மா நின்றால், அவர் விலையைத்தான் யோசிக்கிறார் என்று நினைக்காதே.

ஒரு மொரிஸ் மைனர் வாங்க ஆசை. என்ன பார்க்க வேண்டும்?
- வாசகர், பம்பலப்பிட்டி

கடற்கரைப் பக்கம் நின்ற வண்டியா என்று முதலில் கேளுங்கள். உப்புக்காற்று அடித்தட்டைத் தின்றிருக்கும். பாயைத் தூக்கிக் குத்திப் பாருங்கள், விரல் தெருவைத் தொட்டால் வேண்டாம்.

அடுத்தது முன்சக்கரம். அதைத் தாங்கும் கால் ஒரு மரையில் சுழல்கிறது. அதற்கு ஒழுங்காகக் கிறீஸ் அடிக்காவிட்டால் மரை தேய்ந்து ஒருநாள் கழன்றுவிடும். உதிரிப்பாகம் விற்கிறவனே நான், என் சொந்த மொரிஸுக்கு அடிக்க மறந்தேன். மருதானைச் சந்தியில் திரும்பும்போது இடது சக்கரம் களைத்த மாடு மாதிரிக் கால் மடித்து உட்கார்ந்தது. நல்ல காலம், நடை வேகம். பின்னால் நின்ற பஸ் கொண்டக்டர் இறங்கி வந்து, என் கடையின் பெயரைச் சொல்லி, அங்கே போனால் சாமான் கிடைக்கும் என்று எனக்கே வழி காட்டினார்.

சாமான் கிடைக்குமா என்று பயப்பட வேண்டாம். தொண்ணூறுகளில் இங்கிலாந்தின் பாத் நகரத்து மொரிஸ் மைனர்க்காரர் சார்ல்ஸ் வெயர், இலங்கையில் தொழிற்சாலை வைத்து மைனரின் தகட்டுப் பாகங்களைச் செய்வித்தார். இங்கே தட்டி எடுத்த பாகங்கள் இங்கிலாந்துக்குப் போயின. அங்கிருந்து வந்த காருக்கு நாம் உறுப்பு செய்து திருப்பி அனுப்பியிருக்கிறோம்.

அடுத்த முப்பது வருடத்தில் மொரிஸ் மாதிரி எந்தக் காருக்கு ஆள் கூடும்?
- வாசகர், மருதானை

காரை விடுங்கள், வானைச் சொல்கிறேன். டொல்பின். டொயோட்டா ஹைஏஸ்தான், நாம் வைத்த பெயர் டொல்பின். இன்றைக்கு ஒருவரும் படம் எடுப்பதில்லை.

கட்டுநாயக்க விமான நிலையத்துக்கு எத்தனை இரவு போயிருப்போம் அதில். கனடா போகிற பிள்ளை நடு இருக்கையில், இரண்டு பக்கமும் அம்மாவும் அம்மம்மாவும், பின்னால் மிளகாய்த்தூள் மணக்கிற சூட்கேஸ்கள், அயல் வீட்டுக்காரர் நாலு பேர் சும்மா. போகும்போது ஒரே சத்தம். திரும்பி வரும்போது ஒரு இருக்கை காலி, யாரும் அதில் தள்ளி உட்காரமாட்டார்கள், ஜாஎல வரை பேச்சு இல்லை. சாரதிதான் கடைசியில் றேடியோவைப் போடுவார்.

அப்படி ஒரு டொல்பினை, பழைய இருக்கைத் துணியோடும் ஜன்னல் திரையோடும், யாராவது இன்னும் வைத்திருந்தால் இந்தப் பத்திரிகைக்கு எழுதுங்கள். பக்கக் கதவின் கைபிடி உடைந்திருக்கும், எல்லாவற்றிலும் அதுதான் முதலில் உடையும். என்னிடம் ஒன்று இருக்கிறது. அதற்குக் காசு வாங்கமாட்டேன்.