பிராகில் ஒரே ஒரு பகல்: மேலிருந்து தொடங்குங்கள்

கேள்வி: ஜெர்மனியில் டிரெஸ்டனில் இருக்கும் மகன் வீட்டுக்கு வந்திருக்கிறோம். ஒரு சனிக்கிழமை ரயிலில் பிராக் போய்விட்டு அன்றே திரும்பலாம் என்று திட்டம். காலை ஒன்பதரைக்குப் போய்ச் சேருவோம், மாலை ஆறரைக்குத் திரும்பும் ரயில். நான், கணவர், 72 வயது மாமியார். அத்தைக்கு முழங்கால் வலி. சமதளத்தில் மெதுவாக நடப்பார், படிதான் ஆகாது. மூவரும் சைவம். கோட்டை, பேராலயம், தங்கச் சந்து, பெட்ரின் கோபுரம், லெனன் சுவர், சார்லஸ் பாலம், வானியல் கடிகாரம், யூதர் பகுதி, வென்செஸ்லாஸ் சதுக்கம், நடனமாடும் வீடு, படகு என்று பட்டியல் போட்டிருக்கிறோம். எதை விடுவது, எதில் தொடங்குவது?

பதில்: தாராளமாகப் போய்வாருங்கள். ஆனால் இந்தப் பதினொன்றும் ஒரு பகலில் ஆகாது. அத்தை வராமல் நீங்கள் இருவர் மட்டும் போனாலும் இதையேதான் சொல்வேன். பேராலயம், பாலம், கடிகாரம் மூன்றையும் நிதானமாகப் பாருங்கள். மற்றவை வழியில் கண்ணில் பட்டால் படட்டும்.

முதலில் ஊரின் அமைப்பைப் புரிந்துகொள்ளுங்கள், பாதிக் குழப்பம் அதிலேயே தீர்ந்துவிடும். நடுவில் வல்டாவா ஆறு. மேற்குக் கரையில் மேட்டின் மேல் கோட்டை, அதன் சரிவில் மாலா ஸ்ட்ரானா என்ற பகுதி. கிழக்குக் கரையில் சமதளமாகப் பழைய நகரம். இரண்டையும் சேர்ப்பது சார்லஸ் பாலம். வருகிறவர்களில் பெரும்பாலோர் பழைய நகரச் சதுக்கத்தில் தொடங்கி, பாலம் தாண்டி, மதிய வெயிலில் மூச்சு வாங்க மேட்டில் ஏறுகிறார்கள். நீங்கள் அப்படியே தலைகீழாகச் செய்யுங்கள். காலையிலேயே டிராமில் மேட்டுக்குப் போய்விட்டால் அன்று முழுக்க ஏறவே வேண்டாம்.

ரயில் நிலையத்திலிருந்து மெட்ரோவில் ஒரு நிறுத்தம் போய், ஏ தடத்துக்கு மாறி மாலோஸ்ட்ரான்ஸ்காவில் இறங்கச் சொல்லி வழிகாட்டிகள் எழுதுவார்கள், அதுவும் சரிதான். எனக்குப் பிடித்தது வேறு வழி. பிரதான நிலையத்தில் மெட்ரோ சி தடம் பிடித்து ஐ. பி. பாவ்லோவா நிறுத்தத்தில் இறங்கி, மேலே வந்து 22ஆம் எண் டிராமில் ஏறுங்கள். வலப்பக்க ஜன்னல் கிடைத்தால் அத்தையை அங்கே உட்கார வையுங்கள். தேசிய நாடக அரங்கைத் தாண்டி டிராம் ஆற்றின் மேல் போகும்போது வலது பக்கம் சார்லஸ் பாலமும் அதற்கு மேலே கோட்டையும் ஒன்றாகத் தெரியும், படகில் காசு கொடுத்துப் பார்க்கும் காட்சியில் பாதி அங்கேயே கிடைத்துவிடும். பெரியவர்களைப் பார்த்தால் பிராகில் டிராமில் எழுந்து இடம் கொடுப்பார்கள், தயங்காமல் உட்காரச் சொல்லுங்கள். இந்தத் தடத்தில் சுற்றுலாப் பயணிகள் அதிகம் என்பதால் பிக்பாக்கெட்டும் உண்டு. கைப்பையை முன்பக்கம் வைத்துக்கொள்ளுங்கள்.

சீட்டு நேரக் கணக்கில் வரும். ஆளுக்கு ஒரு 24 மணி நேரச் சீட்டு எடுத்துவிடுங்கள், கால் வலித்தால் இரண்டு நிறுத்தத்துக்குக்கூட யோசிக்காமல் ஏறி இறங்கலாம். காகிதச் சீட்டு என்றால் முதல் பயணத்தில் மஞ்சள் பெட்டியில் முத்திரை போட்டே ஆக வேண்டும். சீட்டு கையில் இருந்தும் முத்திரை இல்லாமல் அபராதம் கட்டும் வெளியூர்க்காரர்கள் ஏராளம், பரிசோதகர்கள் சாதாரண உடையில்தான் வருவார்கள்.

இறங்க வேண்டிய நிறுத்தத்தின் பெயர் பிராஷ்ஸ்கி ஹ்ராட். அங்கிருந்து கோட்டையின் இரண்டாவது முற்றத்துக்கு ஒரு சிறு பாலத்தின் வழியாகச் சமமான பாதை, படி கிடையாது. வாசலில் பைகளைச் சோதிப்பார்கள், வரிசை இருக்கலாம். முற்றங்களில் சுற்ற இலவசம், கட்டடங்களுக்குள் போகத்தான் சீட்டு. ஏப்ரல் முதல் அக்டோபர் வரை காலை 9 முதல் மாலை 5 வரை, குளிர்காலத்தில் 4 வரை. நீங்கள் சனிக்கிழமை போவது இந்த விஷயத்தில் நல்லது. ஞாயிறு காலையில் வழிபாடு நடப்பதால் செயின்ட் வைடஸ் பேராலயத்தில் பார்வையாளர்களை நண்பகலுக்குப் பிறகுதான் விடுவார்கள்.

இந்தப் பேராலயத்துக்கு ஒரு மணி நேரமாவது கொடுங்கள். 1344இல் அடிக்கல் நாட்டியது, முடிந்தது 1929இல். பின்னாளில் மன்னரான நான்காம் சார்லஸ் முன்னின்று தொடங்கிய வேலை போர்களாலும் பணத் தட்டுப்பாட்டாலும் நின்று நின்று, கிட்டத்தட்ட 600 வருடம் இழுத்தது. அதை மனதில் வைத்துக்கொண்டு பார்த்தால் கட்டடமே கதை சொல்லும். பலிபீடம் இருக்கும் கிழக்குப் பாதி பழையது, நீங்கள் நுழையும் மேற்குப் பாதி நேற்றுக் கட்டியது மாதிரி. நுழைவதற்கு முன் மேற்கு முகப்பில் வட்டச் சாளரத்துக்குக் கீழே நிமிர்ந்து பாருங்கள், புனிதர்களுக்கு நடுவே கோட் சூட் போட்ட ஆட்கள் கல்லில் இருப்பார்கள். கடைசிக் கட்ட வேலையைச் செய்து முடித்தவர்கள் அவர்கள்.

உள்ளே இடப்பக்கம் மூன்றாவது சிற்றாலயத்தில் செக் ஓவியர் அல்ஃபோன்ஸ் முகா வரைந்த கண்ணாடிச் சாளரம். ஓரங்களில் நீலமும் பச்சையும், நடுவை நெருங்க நெருங்கப் பொன்னிறமும் சிவப்பும். நடுவில் மண்டியிட்டிருக்கும் சிறுவன், பின்னாளில் செக் நாட்டின் காவல் புனிதரான வென்செஸ்லாஸ், பக்கத்தில் பாட்டி லுட்மிலா. மற்றச் சாளரங்களில் நிறக் கண்ணாடித் துண்டுகளை ஈயத்தில் கோத்திருப்பார்கள்; இதில் கண்ணாடியின் மேலேயே வண்ணம் தீட்டியிருக்கிறது, அதனால்தான் முகங்கள் ஓவியம் மாதிரி அவ்வளவு மென்மை. கீழே உற்றுப் பார்த்தால் பணம் கொடுத்த வங்கியின் பெயரும் இருக்கும். நம் ஊர்க் கோயில் டியூப் லைட்டில் உபயம் எழுதுவது போலத்தான்.

வெளியே வந்து தென்பக்கச் சுவரைச் சுற்றுங்கள். தங்க வாசலின் மேல் இறுதித் தீர்ப்புக் காட்சி, 1370களின் தொடக்கத்தில் கண்ணாடிச் சில்லுகளால் பதித்தது. இதற்குச் சீட்டு வேண்டாம். அத்தைக்குத் தெம்பு இருந்தால் எதிரே உள்ள பழைய அரண்மனையின் விளாடிஸ்லாவ் மண்டபம். வீரர்கள் குதிரையோடு உள்ளே வந்து ஈட்டிப் போட்டி நடத்திய இடம். 1618இல் இரண்டு அரசப் பிரதிநிதிகளையும் ஒரு செயலாளரையும் ஜன்னல் வழியாகத் தூக்கி எறிந்ததும் இதே அரண்மனையில்தான். மூவரும் பிழைத்தார்கள், ஆனால் அதிலிருந்து மூண்ட போர் 30 வருடம் ஓடியது. தங்கச் சந்தை விட்டுவிடுங்கள். காஃப்கா 1916–17இல் எழுத உட்கார்ந்த 22ஆம் எண் வீடு அங்கே இருக்கிறது, இலக்கியப் பித்து இருந்தால் உங்களில் ஒருவர் மட்டும் ஓடிப்போய்ப் பார்த்து வரலாம். அது கோட்டையின் மறுகோடி, போனால் மேட்டில் திரும்பி நடக்க வேண்டும்.

இப்போது முக்கியமான விஷயம். கோட்டையிலிருந்து கீழே படிக்கட்டு வழியாக அழகாக இறங்கலாம் என்று எல்லோரும் சொல்வார்கள். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு ஏறுவதைவிட இறங்குவதுதான் கொடுமை, அதுவும் உருளைக்கல் பாவிய தெருவில். ஆகவே வந்த வழியே திரும்பி அதே நிறுத்தத்தில் அதே 22ஆம் எண்ணை எதிர்த்திசையில் பிடித்து மாலோஸ்ட்ரான்ஸ்கே நாமெஸ்டியில் இறங்குங்கள், மூன்றாவது நிறுத்தம். கணவர் நெருடோவா தெரு வழியாக நடந்து வருகிறேன் என்றால் வரட்டும், வீட்டு எண் வருவதற்கு முந்தைய காலத்தில் அடையாளத்துக்கு வைத்த மூன்று வயலின், இரண்டு சூரியன் எல்லாம் வாசல்களுக்கு மேலே பார்க்கலாம். கீழே சந்தித்துக்கொள்ளுங்கள்.

சாப்பாடு இந்தப் பக்கத்திலேயே, ஒரு மணிக்குள். செக் சமையல் இறைச்சி சார்ந்தது. ஆனாலும் ஸ்மாஷெனி சீர் என்று பொரித்த சீஸ், உருளைக்கிழங்கோடு, ஏறக்குறைய எல்லா உணவகத்திலும் கிடைக்கும். பழம் பொதிந்த கொழுக்கட்டையை இனிப்பு என்ற பெயரில் வைத்திருப்பார்கள், அது ஒரு வேளைச் சாப்பாட்டுக்கே போதும். சூப் விஷயத்தில் கவனம், உருளைக்கிழங்கு சூப் என்று போட்டிருந்தாலும் இறைச்சி வேகவைத்த நீரில் செய்திருக்கலாம், பன்றித் துண்டு மிதக்கலாம். கேட்டுவிட்டு ஆர்டர் செய்யுங்கள். அத்தைக்கு வெளிச்சாப்பாடு ஒத்துக்கொள்ளாது என்றால் வீட்டிலிருந்தே தயிர் சாதமோ சப்பாத்தியோ கட்டிக்கொண்டு போங்கள், பாலத்துக்குப் பக்கத்தில் காம்பா தீவுப் பூங்காவில் பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிடலாம். லெனன் சுவர் அங்கிருந்து எட்டிப் பார்க்கும் தூரம்தான்.

அப்புறம் பாலம். 516 மீட்டர், சமதளம், வண்டி வராது. 1357இல் இதையும் தொடங்கியவர் நான்காம் சார்லஸ்தான். இருபுறமும் 30 சிலைகள், பெரும்பாலும் 1683 முதல் 1714 வரை வைத்தவை. கல் சிலைகளில் பல இப்போது நகல், அசல்களை மழைக்கும் புகைக்கும் பயந்து உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். முப்பதையும் பார்க்க வேண்டாம். கோட்டைப் பக்கமிருந்து வரும்போது நடுப்பகுதியில் இடது கைப்பக்கம் வெண்கலச் சிலை ஒன்று நிற்கும், அதுதான் நெபோமுக்கின் யோவான் என்ற பாதிரியார், 1683இல் வைத்தது. அரசன் நான்காம் வென்செஸ்லாஸ் 1393இல் அவரை இந்தப் பாலத்திலிருந்து ஆற்றில் தள்ளச் செய்தான். பீடத்தில் இரண்டு உலோகப் பலகைகள். தொட்டுத் தொட்டே சில இடங்கள் பொன்னாக மின்னும், மற்ற பாகம் கறுத்துக் கிடக்கும். இங்கே அவசரப்படாதீர்கள். ஒரு முக்கால் மணி நேரம் அத்தையின் நடைக்கே நடங்கள்.

பாலம் முடிந்தால் கார்லோவா தெரு, நினைவுப்பொருள் கடைகளின் நெரிசல், நிற்காமல் போய்விடலாம். பாலத்தடியில் இடப்பக்கம் ஆற்றோரமாகக் கொஞ்ச தூரத்தில் சார்லஸ் பல்கலைக்கழகத்தின் கலைப்புலக் கட்டடம் இருக்கிறது. தமிழ் இலக்கிய வரலாற்றை ஆங்கிலத்தில் உலகத்துக்கு எடுத்துச் சொன்ன கமில் சுவெலபில் 1927இல் இதே பிராகில் பிறந்தவர், 1348இல் தொடங்கிய இந்தப் பல்கலைக்கழகத்தில் தமிழ் கற்பித்தவர். எனக்கு அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அவர் நினைவு வரும்.

வானியல் கடிகாரத்துக்கு வருவோம். காலை 9 முதல் இரவு 11 வரை ஒவ்வொரு மணிக்கும் எலும்புக்கூடு கயிற்றை இழுக்கும், இரண்டு ஜன்னல்கள் திறந்து அப்போஸ்தலர்கள் வரிசையாகப் போவார்கள், சேவல் கூவும், ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். 'இவ்வளவுதானா' என்று கூட்டம் கலையும். கலையட்டும், நீங்கள் அப்போதுதான் முன்னால் போய் நில்லுங்கள். அதிசயம் பொம்மைகளில் இல்லை, அந்த வட்டத் தட்டில் இருக்கிறது. 1410இல் செய்தது, இன்றும் ஓடுகிறது. வெளி வளையத்தில் பொன்னிற எழுத்தில் 24 வரை எண்கள், அது பழைய போஹேமிய நேரம். ஒரு நாளின் மணிகளைச் சூரிய அஸ்தமனத்திலிருந்து எண்ணுவார்கள். உள்ளே ஒருபக்கமாகத் தள்ளி நகரும் சிறு வளையம் ராசி மண்டலம். முள்ளில் இருக்கும் பொற்சூரியன் எந்த ராசியில் நிற்கிறது என்று அத்தையைப் பார்க்கச் சொல்லுங்கள், பஞ்சாங்கம் பார்த்துப் பழகியவர் என்றால் உங்களைவிட வேகமாகப் பிடித்துவிடுவார். ஒரு வித்தியாசம் மட்டும் சொல்லிவையுங்கள்: அங்கே சூரியன் மேஷத்தில் நுழைவது மார்ச் 21 வாக்கில், நமக்கோ சித்திரை முதல் தேதி. நம் பஞ்சாங்கத்தில் அயனாம்சம், அதாவது இரண்டு கணக்குக்கும் இடையிலான பாகை வித்தியாசம், கழிப்பதால் வரும் மூன்றரை வார இடைவெளி அது. நிலாவுக்கு ஒரு சிறு உருண்டை, பாதி வெள்ளி பாதி கறுப்பு. அது சுழன்று அன்றைய பிறையை அப்படியே காட்டும்.

அந்த நகரமன்றக் கோபுரத்தில் லிஃப்ட் இருக்கிறது. ஆகவே பெட்ரினை விட்டதற்கு வருந்த வேண்டாம், ஊர் முழுவதையும் இங்கிருந்தே பார்க்கலாம்.

யூதர் பகுதி உங்களுக்கு இந்த முறை இல்லை. சனிக்கிழமை ஓய்வு நாள் என்பதால் அங்குள்ள ஜெப ஆலயங்களும் பழைய கல்லறைத் தோட்டமும் பார்வையாளர்களுக்கு மூடியிருக்கும். வேறு நாளாக இருந்தாலும் போகிற போக்கில் பார்க்கச் சொல்லமாட்டேன். பிங்காஸ் ஜெப ஆலயத்தின் சுவர்களில் நாஜிகள் கொன்ற சுமார் 78,000 செக் யூதர்களின் பெயர்கள் கையால் எழுதப்பட்டிருக்கின்றன. அதை ரயிலுக்கு நேரமாச்சு என்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே கடப்பது சரியில்லை. அதற்கென்றே இன்னொரு நாள் வாருங்கள். நடனமாடும் வீடு, வென்செஸ்லாஸ் சதுக்கம் இரண்டும் அன்றைக்கு இருக்கட்டும். படகை மாற்று ஏற்பாடாக வைத்துக்கொள்ளுங்கள்: பாலம் தாண்டியதும் அத்தை இனி நடக்க முடியாது என்றால், கோபுரத்தை விட்டுவிட்டு ஒரு மணி நேரம் படகில் உட்காரலாம்.

பணம். செக் நாடு யூரோ நாடு இல்லை, கொருனா. கார்டு பெரும்பாலும் எங்கும் செல்லும், கழிப்பறைக்குக் கொஞ்சம் சில்லறை மட்டும் வேண்டும். கார்டு இயந்திரமோ ஏடிஎம்மோ 'யூரோவில் கணக்கிடவா' என்று கேட்டால் வேண்டாம் என்று கொருனாவையே அழுத்துங்கள். பழைய நகரத்தில் 'கமிஷன் இல்லை' என்று பலகை வைத்திருக்கும் மாற்றுக் கடைகளில் விகிதத்திலேயே விழுங்கிவிடுவார்கள். மாட்டிக்கொண்டால், 1,000 யூரோ வரையிலான மாற்றத்தை மூன்று மணி நேரத்துக்குள் ரசீதோடு போய் ரத்து செய்ய 2019 முதல் சட்டம் இடம் கொடுக்கிறது. பாஸ்போர்ட் அசலே கையில் இருக்கட்டும், ஒரே விசாவில் போகும் ஷெங்கன் நாடுகளுக்குள்தான் என்றாலும் ஜெர்மனிக்குத் திரும்பும்போது ரயிலில் சோதனை வரலாம்.

ஐந்து மணிக்குச் சதுக்கத்திலிருந்து கிளம்பி, ஸ்டாரோமெஸ்ட்ஸ்காவில் ஏ தடம், முசேயும் நிலையத்தில் சி தடத்துக்கு மாறி ஒரு நிறுத்தம். முன்னதாகப் போய்ச் சேர்ந்தால் முதல் நடைமேடையில் நிக்கோலஸ் விண்டனின் சிலையைப் பாருங்கள், 1939இல் இந்த நிலையத்திலிருந்து 669 குழந்தைகள் ரயிலேறி லண்டன் போய் நாஜிகளிடமிருந்து தப்பிக்க வழிசெய்தவர்களில் ஒருவர். உங்கள் ரயிலின் நடைமேடை எண் பலகையில் தாமதமாகத்தான் வரும், வந்ததும் கூட்டம் ஓடும். அத்தைக்காகப் பலகைக்குப் பக்கத்திலேயே இடம் பிடித்து உட்காருங்கள்.

எந்த மாதம் என்று நீங்கள் எழுதவில்லை. கோடையில் இந்த வரிசையை அப்படியே பின்பற்றலாம். டிசம்பர் என்றால் நான்கு மணிக்கே இருட்டிவிடும், உருளைக்கல்லும் வழுக்கும். அப்போது அரண்மனை மண்டபத்தை விட்டுவிட்டுப் பன்னிரண்டுக்குள் கீழே இறங்கி, வெளிச்சம் இருக்கும்போதே பாலத்தைக் கடந்துவிடுங்கள்.