குற்றவியல் படிக்க ஆசைப்படும் மகள்: ஓர் அம்மாவுக்குப் பதில்

அம்மா, வணக்கம். பிளஸ் டூ முடித்த மகள் இன்ஜினியரிங் வேண்டாம், குற்றம் ஏன் நடக்கிறது, அதைச் சமூகம் எப்படிக் கையாள்கிறது என்று ஆராயும் குற்றவியல்தான் படிப்பேன் என்று பிடிவாதமாக நிற்கிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். இதற்கெல்லாம் வேலை இருக்கிறதா, ஒரு பெண் பிள்ளை திருடன், கொலைகாரன் நடுவிலா காலம் தள்ளுவது, நாளைக்கு மாப்பிள்ளை வீட்டில் என்ன சொல்வது என்று கேட்கிறீர்கள். நியாயமான கவலைகள்தான், எல்லாவற்றுக்கும் வருகிறேன். அதற்கு முன்னால் மகளிடம் நீங்கள் கேட்க வேண்டிய ஒரு கேள்வி இருக்கிறது. கல்லூரி, கட்டணம், விண்ணப்பம் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

"இவன்தான் செய்தான் என்று உனக்கே உறுதியாகத் தோன்றும் ஒருவனுக்கும் வக்கீல் வேண்டும், ஜாமீன் கேட்கும் உரிமை வேண்டும், போலீஸ் கேட்கும்போது வாய் திறக்காமல் இருக்கும் உரிமை வேண்டும் என்பதை உன் மனசு ஒத்துக்கொள்ளுமா?" இதைக் கேளுங்கள். உடனே பதில் வர வேண்டும் என்பதில்லை. ஒரு வாரம் யோசித்துச் சொல்லட்டும். இந்தத் துறையில் தாக்குப்பிடிப்பவர்களையும் பாதியில் கசந்து போகிறவர்களையும் பிரிப்பது பெரும்பாலும் இந்தக் கேள்விதான் என்பது என் அனுபவம்.

ஏன் இப்படிச் சொல்கிறேன்? நம் குற்றவியல் நீதி முறை முழுவதும் ஓர் அடிப்படையின் மேல் நிற்கிறது. நிரூபிக்கப்படும் வரை ஒருவர் நிரபராதி. நிரூபிக்கும் பொறுப்பு அரசுத் தரப்புக்கு. நியாயமான சந்தேகம் மிஞ்சினால் அதன் பலன் குற்றம் சாட்டப்பட்டவருக்கு. சில சட்டங்களில் விலக்குகள் உண்டு, பொதுவிதி இதுதான். மற்ற விதிகள் பல இதிலிருந்து கிளைப்பவை. குற்றம் சாட்டப்பட்டவரைத் தனக்கு எதிராகவே சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது அரசமைப்புச் சட்டத்தின் 20(3). கைதானவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்கிறது 22ஆவது பிரிவு. போலீஸ் அதிகாரியிடம் ஒருவர் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தை அவருக்கு எதிரான சாட்சியமாக வைக்க முடியாது. 1872இன் சாட்சியச் சட்டத்தில் இருந்த இந்த விதி, 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் புதிய சாட்சியச் சட்டத்திலும் தொடர்கிறது.

புத்தகத்தில் இது ஒரு வரி. மாஜிஸ்திரேட் முன்னால் எப்படி இருக்கும் என்று உங்கள் மகள் ஒருமுறை பார்க்க வேண்டும். இரண்டு காவலர்கள் ஒரு பையனை அழைத்து வந்து நிறுத்துவார்கள். சட்டை கசங்கியிருக்கும், முந்தின இரவு தூங்கியிருக்க மாட்டான். மாஜிஸ்திரேட் பேரைக் கேட்பார், எதற்காகக் கைது என்று சொன்னார்களா என்று கேட்பார், "போலீஸ் அடிச்சாங்களா? உடம்புல காயம் இருக்கா?" என்று கேட்பார். வக்கீல் இருக்கிறாரா, இல்லையென்றால் இலவச சட்ட உதவி வேண்டுமா என்று கேட்பார். சில நிமிடங்களில் முடிந்துவிடும். அந்தச் சில நிமிடங்கள் ஒழுங்காக நடந்தால்தான் கைது செய்யும் அதிகாரத்துக்கு ஒரு கடிவாளம் இருக்கும். அவசரத்தில் தலையை நிமிர்த்தாமல் கையெழுத்து போட்டுவிட்டால் அந்தப் பையன் பல மாதம் உள்ளே கிடக்கலாம்.

மிகைப்படுத்தவில்லை. நம் நாட்டுச் சிறைகளில் இருப்பவர்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு பேர் தண்டனை பெற்றவர்களே இல்லை, விசாரணைக் கைதிகள். 1979இல் ஹுசைனாரா கத்தூன் வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கு வந்தபோது, பீகார் சிறைகளில் சிலர், குற்றம் உறுதியாகியிருந்தாலும் அனுபவித்திருக்க வேண்டிய அதிகபட்ச தண்டனையைவிட அதிக காலம் விசாரணையே முடியாமல் அடைபட்டுக் கிடந்தது வெளியே தெரிந்தது. விரைவான விசாரணை வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்று அந்த வழக்கில்தான் நீதிமன்றம் சொன்னது. இன்றைய நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 479ஆவது பிரிவு, இதற்கு முன் எந்தக் குற்றத்துக்கும் தண்டனை பெறாதவர் அதிகபட்ச தண்டனையில் மூன்றில் ஒரு பங்கு காலம் உள்ளே இருந்துவிட்டால் அவரைப் பிணையில் விடுவிக்கச் சொல்கிறது. தூக்கு, ஆயுள் தண்டனைக்குரிய வழக்குகளுக்கு இது பொருந்தாது. ஒன்றுக்கு மேற்பட்ட வழக்கு நிலுவையில் இருந்தாலும் கிடையாது. சட்டம் இருக்கிறது, சரி. யாருக்கு அந்த நாள் வந்துவிட்டது என்று கணக்குப் பார்த்து மனு போட ஓர் ஆள் வேண்டாமா? அந்த ஆளாக உங்கள் மகள் இருக்கலாம். இந்தப் படிப்பில் எனக்கு இருக்கும் மரியாதைக்கு இதுதான் காரணம்.

அப்புறம் தண்டனை. எதற்காகத் தண்டிக்கிறோம் என்ற கேள்வியில்தான் கோட்பாடுகள் மோதிக்கொள்கின்றன. செய்ததற்குத் தக்க பதில் கொடுக்க வேண்டும் என்பது ஒரு தரப்பு. மற்றவர்களுக்குப் பயம் வர வேண்டும் என்பது இன்னொன்று. ஆளைத் திருத்த வேண்டும், பாதிக்கப்பட்டவருக்கு ஈடு செய்ய வைக்க வேண்டும் என்பவை வேறு. இத்தாலியின் மிலானைச் சேர்ந்த சட்டச் சிந்தனையாளர் பெக்காரியா 1764இலேயே ஒரு விஷயத்தை அழுத்திச் சொன்னார்: தண்டனையின் கடுமையைவிட, அது தப்பாமல் வரும் என்ற நிச்சயம்தான் குற்றத்தைத் தடுக்கும். ஒரு கொடுமையான செய்தி வந்ததும் "நடுரோட்டில் நிற்க வைத்துச் சுட வேண்டும்" என்று வீட்டில் எல்லோரும் பேசுவோமே, அந்த நேரத்தில் இதை நிதானமாக எடுத்துச் சொல்ல முடிகிற பிள்ளையா என்று பாருங்கள்.

எல்லாக் கோட்பாடும் ஏட்டில் மட்டும் இருப்பதில்லை. பழைய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் முதல்முறையாகச் சமூக சேவை ஒரு தண்டனையாக வந்திருக்கிறது. ஐயாயிரம் ரூபாய்க்குக் குறைவான பொருளைத் திருடி, முதல்முறையாகத் தண்டிக்கப்படுபவர், பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பிக் கொடுத்துவிட்டால் அவருக்குச் சிறை இல்லை, சமூக சேவைதான். ஓர் இருபது வயதுப் பையனைச் சிறைக்கு அனுப்பாமல் இருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பது, சிறைக்குப் போய்வந்த பிள்ளைகளின் வீடுகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

ஹெர்பர்ட் பாக்கர் என்ற அமெரிக்கச் சட்ட அறிஞர் 1960களில் இரண்டு மாதிரிகளைப் பிரித்துக் காட்டினார். ஒன்றில் குற்றத்தை அடக்குவதுதான் முதல் வேலை, வழக்குகள் தொழிற்சாலை பெல்ட்டில் போவதுபோல் வேகமாக நகர வேண்டும். மற்றொன்றில் அரசு ஒவ்வொரு படியிலும் தடை தாண்டித்தான் ஒருவரைத் தண்டிக்க முடியும். எந்த நாடும் முழுக்க ஒரு பக்கம் நிற்பதில்லை. உங்கள் மகளின் மனசு எந்தப் பக்கம் சாய்கிறது என்பது எந்த வேலைக்குப் போகலாம் என்பதற்கு நல்ல குறிப்பு.

இனி வேலைக்கு வருவோம். குற்றவியல் பட்டம் மட்டும் போதும் என்று கேட்கும் பணியிடங்கள் குறைவு. இதைச் சொல்லாமல் சேர்த்துவிடும் கல்லூரிகள் உண்டு, அதனால் நான் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பட்டத்தோடு இன்னொன்றும் சேர வேண்டும். சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் நடத்தும் எஸ்.ஐ. தேர்வுக்கு எந்தப் பட்டமும் போதும். குற்றவியல் படித்தவருக்கு வேலையின் உள்விஷயம் முன்பே தெரிந்திருக்கும், அவ்வளவுதான். டி.என்.பி.எஸ்.சி. மூலம் நன்னடத்தை அலுவலர் பணிக்குப் போகலாம். தண்டனைக்குப் பதில் கண்காணிப்பில் விடப்பட்டவரின் வீட்டுக்குப் போய், வேலைக்குப் போகிறானா, குடிக்கிறானா, பெற்றோர் என்ன சொல்கிறார்கள் என்று பார்த்து நீதிமன்றத்துக்கு அறிக்கை தரும் வேலை அது. 1958ஆம் ஆண்டின் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம் இதற்கு வழி செய்தது. என்னைக் கேட்டால் இந்தத் துறையின் மிகப் பயனுள்ள வேலைகளில் இது ஒன்று, ஆனால் யாருக்கும் தெரிவதில்லை. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுகளிலும் ஆட்களை எடுக்கிறார்கள், பலவும் ஒப்பந்தப் பணிதான் என்பதைத் தெரிந்துகொண்டு போக வேண்டும். சிறைத்துறைக்குப் போகிறவர்களுக்கு வேலூரில் தென் மாநிலங்களுக்கான பயிற்சி நிறுவனமே இருக்கிறது.

ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். குற்றவியல் வேறு, தடயவியல் வேறு. டிவியில் வருவதுபோல் ரத்தக்கறையை ஆராய வேண்டும் என்பதுதான் மகளின் கனவு என்றால் அவள் வேதியியல், உயிரியல், இயற்பியல் பக்கம் போக வேண்டும். ஏழு ஆண்டும் அதற்கு மேலும் தண்டனைக்குரிய வழக்குகளில் தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்குப் போயாக வேண்டும் என்கிறது மேலே சொன்ன புதிய நடைமுறைச் சட்டம், மாநிலங்கள் ஐந்து ஆண்டுக்குள் இதை நடைமுறைக்குக் கொண்டுவர வேண்டும். அதனால் அங்கே தேவை கூடும்.

வாதாடவோ நீதிபதியாகவோ ஆசை என்றால் சட்டப் படிப்பு கட்டாயம். குற்றவியல் பட்டத்தை வைத்து கோர்ட்டில் நிற்க முடியாது. பிளஸ் டூ முடித்ததும் ஐந்தாண்டுப் படிப்பு, அல்லது ஏதாவது பட்டம் முடித்து மூன்றாண்டு எல்.எல்.பி. சிவில் நீதிபதி தேர்வு எழுத மூன்று ஆண்டு வக்கீல் அனுபவம் வேண்டும் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் மறுபடி கொண்டுவந்திருப்பதையும் கணக்கில் வையுங்கள். உங்கள் வீட்டு நிலைமைக்கு என் யோசனை: உளவியல், சமூகவியல், குற்றவியல் இவற்றில் ஒன்றில் மூன்றாண்டு பட்டம், அதன் பின் எல்.எல்.பி. பாதியில் மனசு மாறினாலும் அரசுத் தேர்வுகளுக்கு அந்தப் பட்டம் கை கொடுக்கும். குற்றவியலிலேயே மேலே படிக்க ஆசைப்பட்டால் சென்னைப் பல்கலைக்கழகத்திலும் நெல்லை மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்திலும் முதுகலை இருக்கிறது.

பாதுகாப்பு பற்றி. காவல் நிலையம், நீதிமன்றம், சிறை எல்லாவற்றிலும் இன்று பெண்கள் வேலை பார்க்கிறார்கள். உண்மையான சிரமம் வேறு. அடிபட்ட குழந்தையின் வாக்குமூலத்தைப் படித்துவிட்டு வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார வேண்டியிருக்கும். அதைத் தாங்க மனவலிமை வேண்டும், பேச ஆள் வேண்டும். அந்த ஆளாக நீங்கள் இருக்க முடிந்தால் பாதிக் கவலை தீர்ந்தது. மாப்பிள்ளை விஷயத்துக்கு என்னிடம் ஒரே பதில்தான்: நிலையான சம்பளமும் தன் வேலையைப் பற்றித் தெளிவாகப் பேசும் திறனும் உள்ள பெண்ணை வேண்டாம் என்கிற வீடு, நமக்கும் வேண்டாம்.

விண்ணப்பம் போடுவதற்கு முன் ஒரு நாள் காலை பத்து மணிக்கு மகளை அழைத்துக்கொண்டு உங்கள் ஊர் மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்குப் போங்கள். பெரும்பாலான விசாரணைகள் பொதுமக்கள் முன்னிலையில்தான் நடக்கும், பின் பெஞ்சில் உட்காரலாம். செல்போனை அணைத்துவிடுங்கள். டவாலி பெயர் சொல்லிக் கூப்பிடுவதையும், வாய்தா வாங்கிக்கொண்டு போகிறவர்களின் முகத்தையும், கூண்டில் ஏறிய சாட்சி தடுமாறுவதையும் அவள் மதியம் வரை பார்க்கட்டும். திரும்பி வரும்போது நீங்கள் எதுவும் கேட்காதீர்கள், அவளே பேசுவாள். யாரைப் பற்றி முதலில் பேசினாள் என்பதை மட்டும் எனக்கு எழுதுங்கள். எந்தப் படிப்பு, எந்தக் கல்லூரி என்று அதற்குப் பிறகு உட்கார்ந்து முடிவு செய்யலாம்.