ஐ.க்யூ. 83 என்று வந்திருக்கிறது, மறுபடி சோதிக்கலாமா?

கேள்வி: என் மகனுக்கு 9 வயது. படிப்பில் பின்தங்குகிறான் என்று பள்ளியில் சொன்னதால் ஐ.க்யூ. டெஸ்ட் எடுத்தோம். பினே-காமத் சோதனையில் மன வயது ஏழரை, ஐ.க்யூ. 83 என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அன்று அவனுக்குச் சளியும் காய்ச்சலும். சோதித்த மேடம் சரி, தப்பு என்று ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லையாம், பையன் மிரண்டுவிட்டான். அடுத்த வாரமே வேறு இடத்தில் எடுக்கலாமா?
- ஒரு வாசகி, திருப்பூர்

பதில்: அடுத்த வாரம் வேண்டாம். கேள்விகள் அவனுக்கு ஞாபகம் இருக்கும். எண் கூடினாலும் அதை நம்ப முடியாது.

அந்த மேடத்தின் மேல் கோபப்படாதீர்கள், விதியே அப்படித்தான். எண்களைச் சொல்லித் திருப்பிச் சொல்ல வைக்கும்போது விநாடிக்கு ஒன்றாக வாசிக்க வேண்டும்: 5, 2, 9, 4. பையன் "என்ன மிஸ்?" என்று கேட்டாலும் மறுபடி சொல்லக்கூடாது. ஒரு பிள்ளைக்குக் குறிப்புக் கொடுத்து இன்னொரு பிள்ளைக்குக் கொடுக்காவிட்டால் இருவரையும் ஒப்பிடவே முடியாது. ஆனால் பேசிப் பழகி, பயம் தெளிந்த பிறகுதான் ஆரம்பிக்க வேண்டும். காய்ச்சலோடு வந்த பிள்ளையை இன்னொரு நாள் வரச் சொல்லியிருக்க வேண்டும். அந்த வருத்தம் நியாயமானது.

சரி, 83 எப்படி வந்தது? இந்தச் சோதனையில் கேள்விகள் வயதுவாரியாக இருக்கும். எந்த வயதுக்கான எல்லாக் கேள்விக்கும் சரியாகப் பதில் சொல்கிறானோ அது அடித்தளம். அதற்கு மேல் சரியாகச் சொன்ன ஒவ்வொன்றுக்கும் இத்தனை மாதம் என்று கூட்டிக்கொண்டே போவார்கள். ஒரு வயதின் கேள்விகள் அத்தனையும் தவறினால் நிறுத்திவிடுவார்கள். உங்கள் மகனுக்கு அப்படி 90 மாதம் தேறியிருக்கிறது, அதுதான் மன வயது ஏழரை. அவன் வயது 108 மாதம். 90-ஐ 108-ஆல் வகுத்து 100-ஆல் பெருக்கினால் 83. காய்ச்சல் அசதியில் ஆறு மாத மதிப்புள்ள கேள்விகளை விட்டிருந்தான் என்று வையுங்கள். அவை சேர்ந்திருந்தால் 89.

அதற்காக ரிப்போர்ட்டைத் தூக்கிப் போடவும் வேண்டாம். பின்தங்குகிறான் என்று பள்ளியும் சொல்கிறதே. அதே சமயம் இது அறிவுத்திறன் குறைபாடு இல்லை. அப்படிச் சொல்ல ஐ.க்யூ. சுமார் 70-க்குக் கீழே இருப்பதோடு, உடுத்துவது, கடைக்குப் போய்வருவது போன்ற அன்றாட வேலைகளிலும் வயதுக்கேற்ற திறமை இல்லாதிருக்க வேண்டும்.

முதலில் கண், காது இரண்டையும் பரிசோதியுங்கள். அடிக்கடி சளி பிடிக்கும் பிள்ளைக்கு நடுக்காதில் நீர் கோத்துக் கேட்பது மந்தமாகலாம். வகுப்பில் அது கவனக்குறைவு மாதிரியே தெரியும். வாயால் நன்றாகச் சொல்லிவிட்டு, வாசிக்கவும் எழுதவும் மட்டும் திணறுகிறான் என்றால் கற்றல் குறைபாட்டுக்குத் தனிச் சோதனை உண்டு.

அப்புறம், உடம்பு தேறியதும் வெக்ஸ்லர் என்ற இன்னொரு ஐ.க்யூ. சோதனையின் இந்தியப் பதிப்பை ஒரு மருத்துவ உளவியலாளரிடம் எடுக்கலாம். வேறு சோதனை என்பதால் வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டியதில்லை. பழைய ரிப்போர்ட்டையும் கொண்டு போங்கள். வெக்ஸ்லரில் மன வயதுக் கணக்கு கிடையாது. அதே வயதுப் பிள்ளைகளின் சராசரியை 100 என்று வைத்து ஒப்பிடுவார்கள். மூன்றில் இரண்டு பங்குப் பிள்ளைகள் 85-க்கும் 115-க்கும் நடுவில் வருவார்கள். பேச்சு, புதிர், ஞாபகம், வேகம் என்று தனித்தனி மதிப்பெண் வரும். எனக்கு மொத்த எண்ணைவிட அதுதான் முக்கியம்: ஞாபகம் மட்டும் தாழ்ந்திருந்தால் பாடம் சொல்லித்தரும் விதத்தை மாற்றினாலே பாதிப் பிரச்சினை தீரும். காலையில், சாப்பிட்ட பிறகு கூட்டிப் போங்கள். யூடியூப் பார்த்துச் சோதனைக் கேள்விகளைப் பழக்காதீர்கள். ரிப்போர்ட்டில் ஒற்றை எண்ணோடு நிறுத்தாமல், எதிலிருந்து எது வரை இருக்கலாம் என்பதையும் எழுதித் தரச் சொல்லுங்கள்.