ஆங்கிலேய மாளிகையில் ஆவணிக் கல்யாணம்

கேள்வி: லண்டனில் வேலை பார்க்கும் என் மகள், செப்டம்பரில் இங்கிலாந்துக் கிராமப்புறத்தில் ஒரு பழைய மாளிகையில் கல்யாணம் செய்ய ஆசைப்படுகிறாள். பதிவுத் திருமணம், தாலி கட்டு இரண்டும் ஒரே நாளில் அங்கேயே நடத்த முடியுமா? முன்பணம் கட்டுவதற்கு முன் எதைக் கேட்க வேண்டும்? – வாசகி, கோவை.

பதில்: முடியும். முதலில் தேதியைப் பாருங்கள். செப்டம்பர் 17 வாக்கில் புரட்டாசி பிறந்துவிடும். ஆவணி முகூர்த்தம்தான் வேண்டுமென்றால் செப்டம்பரின் முதல் பாதிதான் உங்களுக்கு.

அடுத்தது அக்னி. நான் மிகவும் கவலைப்படுவது இதற்காகத்தான். இந்த மாளிகைகளில் பல, பாதுகாக்கப்பட்ட பழங்கட்டடங்கள். மரத்தளம், கனத்த திரைச்சீலை, கூரையில் புகை உணரும் கருவி. மெழுகுவத்திக்கே அனுமதி தராத இடங்கள் உண்டு. "இந்து முறையில் கல்யாணம் செய்யலாமா?" என்று கேட்டால் "தாராளமாக" என்பார்கள். அதை நம்பிப் பணம் கட்டிவிடாதீர்கள். ஹோமகுண்டம் எவ்வளவு பெரியது, எத்தனை நேரம் எரியும், நெய்யும் சமித்தும் போடுவோம் என்பதையெல்லாம் எழுதி அனுப்பி, அனுமதியையும் எழுத்தில் வாங்குங்கள். உள்ளே கூடாது என்றால் புல்வெளியில் பந்தல் போடலாம். ஆனால் அங்கே மழையை நம்ப முடியாது, மாற்று இடத்தையும் அப்போதே பேசிவிடுங்கள். மஞ்சள் அட்சதையும் குங்குமமும் பழைய கம்பளத்தில் பட்டால் கறை போகாது. அதனால் மணமேடையைச் சுற்றி அகலமாகத் துணி விரிக்க வேண்டும்.

சரி, சட்டத்துக்கு வருவோம். மாளிகையில் தாலி கட்டுவது மட்டும் சட்டப்படி திருமணம் ஆகாது. பதிவுக்கு அந்த இடம் உள்ளாட்சியின் அங்கீகாரம் பெற்றிருக்க வேண்டும். பதிவாளரைத் தனியாக முன்பதிவு செய்ய வேண்டும். பதிவுச் சடங்கில் மந்திரமோ பக்திப் பாடலோ கூடாது என்பதால் இரண்டையும் தனித்தனி நேரத்தில் வையுங்கள். முகூர்த்தம் காலையில், பதிவு மதியத்துக்கு மேல் என்றால் நெருக்கடி இராது. மணமக்கள் பதிவு அலுவலகத்துக்கு நேரில் போய்த் திருமண முன்னறிவிப்பு கொடுத்து, குறைந்தது 28 நாள் காத்திருக்க வேண்டும். இருவரில் ஒருவர் இந்தியக் குடியுரிமையோடு விசாவில் இருந்தால் இது 70 நாள் வரை நீளலாம். ஜூன் மாதத்திலேயே கொடுத்துவிடச் சொல்லுங்கள்.

செப்டம்பர் நடுவில் தென் இங்கிலாந்தில் சூரியன் மாலை ஏழேகால் வாக்கில் மறையும். அதற்கு முந்தைய ஒரு மணி நேரம் பழைய கல்சுவரில் விழும் வெயில் அத்தனை அழகு. குடும்பப் படத்தை அப்போதே எடுத்துவிடுங்கள். டேலியா பூத்துக் குலுங்கும் காலமும் அதுதான். மேடை அலங்காரத்துக்கு வேறு பூ தேட வேண்டாம். இருட்டியதும் குளிர் 10 டிகிரி வரை இறங்கும், புல் ஈரமாகிவிடும். பட்டுப்புடவையின் கரை நனையாமலிருக்க நடைபாதை விரிப்பு கேளுங்கள். ஊரிலிருந்து வரும் பெரியவர்களுக்கு ஆளுக்கொரு கம்பளிச் சால்வை எடுத்து வையுங்கள்.