களிமண் ஓவலில் பழைய ரேஸ் கார்கள்: கேள்வி பதில்

அமெரிக்காவின் பல சிற்றூர்களில் கோடைக்காலச் சனிக்கிழமை இரவு என்றால் ஸ்பீட்வேதான். கால் மைலோ அரை மைலோ சுற்றளவுள்ள களிமண் ஓவல், மரப்பலகை கேலரி, உள்ளூர் ஓட்டுநர்கள். அதே தளத்தில் ஆண்டுக்கு ஓரிரு இரவுகள், 1930களிலிருந்து 1970கள் வரை ஓடிய கார்களை வெளியே எடுத்து ரசிகர்கள் முன் ஓட்டிக் காட்டுவார்கள். கார் வைத்திருப்பவர்களும், கூட உதவிக்குப் போகிறவர்களும், பார்க்கப் போகிறவர்களும் கேட்ட கேள்விகளுக்கு இங்கே பதில்கள்.

கேள்வி (ஹாரிஸ்பர்க், பென்சில்வேனியா): சார், இந்த ஊருக்குக் குடிவந்து கொஞ்ச நாள்தான் ஆகுது. பக்கத்துல வில்லியம்ஸ் குரோவ் ஸ்பீட்வே இருக்கு. பழைய கார் ஓடுற இரவுக்குப் பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போனா என்ன பார்க்கணும்?

பதில்: நல்ல இடத்தில்தான் இருக்கிறீர்கள். வில்லியம்ஸ் குரோவ் 1939இல் திறந்த அரை மைல் களிமண் தளம். பொதுவாக மூன்று வகைக் கார்களைப் பார்க்கலாம். மிட்ஜெட் என்பது ஓர் ஆள் மட்டும் உட்காரும் குட்டிக் கார். கர்டிஸ் கிராஃப்ட் நிறுவனத்தின் சேசிஸில் நாலு சிலிண்டர் ஆஃபென்ஹவுசர் எஞ்சினோ ஃபோர்டின் சிறிய வி8-60 எஞ்சினோ இருக்கும். ஸ்பிரின்ட் கார் அதே உருவம்தான், அளவிலும் ஆற்றலிலும் பெரியது. மூன்றாவது கூப்பே. 1930களின் ஃபோர்டு, செவர்லே வீட்டுக் கார்களின் மட்கார்டை வெட்டி எறிந்து, உள்ளே இரும்புக் குழாய்க் கூண்டு கட்டி ஓட்டியவை. 1970களில் கூப்பே கூடுகளின் இடத்தைப் பின்டோ, வேகா, கிரெம்லின் போன்ற சிறிய கார்களின் கூடுகள் பிடித்துக்கொண்டன.

பிள்ளைகளுக்கு ஒரு பெயரைச் சொல்லுங்கள்: மரியோ ஆன்ட்ரெட்டி. 1978இல் ஃபார்முலா ஒன் உலகச் சாம்பியன் ஆனவர். அவரும் இரட்டைச் சகோதரர் ஆல்டோவும் 1959இல் இதே மாநிலத்தின் நாசரெத் தளத்தில், 1948 ஹட்சன் காரைத் தாங்களே ரேஸுக்கு மாற்றிக்கொண்டுதான் ஓட்ட ஆரம்பித்தார்கள். யார்க் ஸ்பிரிங்ஸ் அருகே ஈஸ்டர்ன் மியூசியம் ஆஃப் மோட்டார் ரேசிங் இருக்கிறது. ஒரு பகலில் அதையும் பார்த்துவிடுங்கள்.

கேள்வி (அயோவா): அண்ணா, நாக்ஸ்வில்ல பார்த்தேன். ஸ்பிரின்ட் காருக்குப் பின்னாடி ஒரு பிக்கப் வந்து முட்டித் தள்ளிதான் ஸ்டார்ட் ஆகுது. செல்ஃப் மோட்டார் வெச்சா என்ன?

பதில்: ஸ்பிரின்ட் காரில் செல்ஃபும் இல்லை, கிளட்சும் இல்லை. கியர்பெட்டிக்கு ‘உள்ளே’, ‘வெளியே’ என்று இரண்டே நிலை. எடை குறைய வேண்டும் என்பதற்காக எல்லாவற்றையும் களைந்த வண்டி அது. ரசிகர்கள் பெரிதும் விரும்பும் காட்சியும் இந்தத் தள்ளல்தான். ஆகவே இதை பிட்டுக்குள் (கார்களைத் தயார்செய்யும் இடம்) ஒளித்துச் செய்யாதீர்கள், கேலரிக்கு நேர் எதிரே செய்யுங்கள்.

கார் நிற்கும்போதே கியரை உள்ளே போட வேண்டும், உருளும்போது போட்டால் பல் உடையும். எரிபொருள் வால்வு மூடியிருக்கட்டும், மேக்னெட்டோ (பிளக்குகளுக்குத் தீப்பொறி தரும் கருவி) சுவிட்சும் அணைந்திருக்கட்டும். பிக்கப்பின் ரப்பர் வைத்த பம்பர் காரின் பின்குழாயை மெல்லத் தொட்ட பிறகே தள்ளல் தொடங்க வேண்டும். ஓட்டுநரின் கண் ஆயில் பிரஷர் முள்ளில் இருக்க வேண்டும். முள் ஏறி நின்ற பிறகு எரிபொருளைத் திறந்து, உடனே மேக்னெட்டோவைப் போட்டால் எஞ்சின் பிடித்துக்கொள்ளும்.

இந்த வரிசை மாறினால் செலவு பெரிது. மேக்னெட்டோ போடாமல் எரிபொருளை மட்டும் திறந்துவிட்டுத் தள்ளிக்கொண்டே போனால் திரவம் சிலிண்டரில் தேங்கும். திரவத்தை அமுக்க முடியாது, அதனால் பிஸ்டன் மேலேறும்போது கனெக்டிங் ராடு வளைந்துவிடும். இரண்டு முறை தள்ளியும் பிடிக்கவில்லை என்றால் நிறுத்தி, பிளக்குகளைக் கழற்றிப் பார்த்துவிட்டுத்தான் மூன்றாவது முறை. ஈரக் களிமண்ணில் பின்சக்கரம் உருளாமல் வழுக்கும், எஞ்சின் சுழலாது. காய்ந்து இறுகிய நேர்ப்பகுதியைத் தேர்ந்தெடுங்கள்.

கிளம்பிவிட்டால் இந்தக் கார் காத்துநிற்காது. நிறுத்தக் கியரை வெளியே இழுக்க வேண்டும், மறுபடி புறப்பட மறுபடி தள்ள வேண்டும். அறிவிப்பாளர் பேச வேண்டியதெல்லாம் தள்ளுவதற்கு முன்பே முடிந்துவிட வேண்டும்.

கேள்வி (நியூ ஜெர்சி): மெத்தனால்ல ஓடுற மிட்ஜெட் ஒண்ணு என் நண்பர்கிட்ட இருக்கு. காட்சிக்குக் கொண்டுபோகும்போது எதுல கவனமா இருக்கணும்?

பதில்: மெத்தனால் ஒரு வகை ஆல்கஹால். அதன் தீ பகல் வெளிச்சத்தில் கண்ணுக்கு அநேகமாகத் தெரியாது. காரைச் சுற்றி நிற்பவருக்கு முதலில் தெரிவது சூடுதான். ஆனால் மெத்தனால் தண்ணீரில் முழுதாகக் கலந்துவிடும், நிறையத் தண்ணீர் ஊற்றினால் நீர்த்து அணையும். எரிபொருள் நிரப்பும் இடத்தில் அணைப்பானோடு நிரம்பிய வாளிகளும் இருக்க வேண்டும். தோல் வழியாகவும் உடலில் ஏறும் விஷம் அது, எனவே கையுறை கட்டாயம். ரசிகர்கள் நிற்கும் பகுதியில் கேனைத் திறக்கவே கூடாது.

எவ்வளவு வேண்டும் என்பதையும் முன்கூட்டியே கணக்கிடுங்கள். பெட்ரோலின் ஒரு பங்குக்குக் காற்று சுமார் 14.7 பங்கு வேண்டும் என்றால், மெத்தனாலுக்கு 6.4 பங்கே போதும். அதாவது அதே காற்றுக்கு இரண்டு மடங்குக்கும் மேல் எரிபொருள் போகும். ஆவியாகும்போது சூட்டை இழுத்துக்கொள்வதால் எஞ்சின் சூடேறவும் நேரமாகும். சூடேறாமலே நாலு சுற்று ஓட்டி நிறுத்தினால் எரியாத மெத்தனாலும் ஈரமும் ஆயிலில் இறங்கி, ஆயில் பால் நிறமாகிவிடும். அப்படி ஆனால் வடிகட்டி உபயோகம் இல்லை, மாற்றத்தான் வேண்டும்.

ஓட்டம் முடிந்த அன்றே எரிபொருள் பாதையைக் கழுவுங்கள். மெத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி அலுமினியத்தையும் மெக்னீசியத்தையும் அரிக்கும். ஹில்போர்ன் எரிபொருள் இன்ஜெக்‌ஷனின் நாசில்களிலும், எரிபொருள் அளவைக் கட்டுப்படுத்தும் பேரல் வால்விலும் வெள்ளைப் பொடி கட்டி இறுகும். டேங்கைக் காலிசெய்து, கொஞ்சம் பெட்ரோலில் மேல்சிலிண்டர் எண்ணெய் கலந்து பம்ப் வழியாக ஓடவிட்டால் போதும். ‘அடுத்த வாரம் பார்ப்போம்’ என்று விட்ட கார்தான் அடுத்த காட்சியில் கிளம்பாமல் நிற்கிறது.

கேள்வி (வட கரோலினா): என் மாமனாரின் 1937 ஃபோர்டு கூப்பே, ஃபிளாட்ஹெட் வி8. வீட்டில் நன்றாக ஓடுகிறது. அணிவகுப்புச் சுற்றில் மட்டும் கொதித்துவிடுகிறது. ரேடியேட்டர் மாற்றியும் சரியாகவில்லை.

பதில்: ஃபிளாட்ஹெட்டின் பிறவிக்குணம் இது. வால்வுகள் பிளாக்கிலேயே இருப்பதால் எரிந்த புகை பிளாக்கின் உள்ளே, தண்ணீர்ச் சட்டையைக் கடந்துதான் வெளியே வர வேண்டும். நடு இரண்டு சிலிண்டர்களுக்குச் சேர்த்து ஒரே வழி. எஞ்சின் தன் புகையாலேயே தன் தண்ணீரைச் சூடாக்கிக்கொள்கிறது. ரேஸில் வேகக் காற்று அதைச் சமாளிக்கும். பல ரேஸ் கூப்பேக்களில் ஃபேனையே கழற்றியிருப்பார்கள். மெல்ல ஊரும் அணிவகுப்பில் காற்றும் இல்லை, ஃபேனும் இல்லை.

முதலில் பழக்கத்தை மாற்றுங்கள். வரிசையில் எஞ்சினை அணைத்துவிட்டு நில்லுங்கள், கொடி அசைந்த பிறகு ஸ்டார்ட் செய்யுங்கள். ஏற்பாட்டாளரிடம் அணிவகுப்பு வேகத்தைக் கொஞ்சம் கூட்டச் சொல்லுங்கள், தவறாக நினைக்கமாட்டார்.

அதன் பிறகும் கொதித்தால் பம்பைப் பாருங்கள். இந்த எஞ்சினுக்குப் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு தண்ணீர்ப் பம்ப். ஒன்று தேய்ந்தாலே அந்தப் பக்கம் கொதிக்கும். இரண்டு மேல்குழாயையும் வெப்பமானியால் அளந்தால் வித்தியாசம் தெரிந்துவிடும். பழைய பிளாக்கின் அடியில் வார்ப்பு மணலும் துருவும் படிந்து கிடந்தால் எந்த ரேடியேட்டரும் உதவாது. பம்பைக் கழற்றித் தோண்டி எடுக்க வேண்டும். ரேடியேட்டரில் விடாமல் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கெட், அல்லது வால்வு இருக்கைக்கும் சிலிண்டருக்கும் நடுவே விரிசல். அலுமினிய ஹெட் என்றால் முதல் சூட்டுக்குப் பின் முழுதாக ஆறவிட்டு, நட்டுகளை வரிசைப்படி மறுபடி முறுக்குங்கள்.

ஆனால் கூலன்டை ஊற்றவே ஊற்றாதீர்கள். அதிலுள்ள கிளைகால் என்ற ரசாயனம் தளத்தில் சிந்தினால் எண்ணெய் போல் வழுக்கும், பின்னால் வருகிற கார் சுழன்றுவிடும். பல தளங்களில் அதற்குத் தடை உண்டு. வெறும் தண்ணீரும் துரு தடுக்கும் சேர்க்கையும் போதும். குளிர்காலத்துக்கு முன் பிளாக்கின் இரண்டு பக்கத் திருகையும் திறந்து வடியுங்கள், ஒன்றை மட்டும் திறந்தால் மறுபக்கத் தண்ணீர் உறைந்து பிளாக்கைப் பிளக்கும்.

கேள்வி (ஒஹையோ): டயர் அந்தக் காலத்து அசல். பார்க்கப் புதுசு மாதிரியே இருக்கு. அதோடயே ஓட்டலாமா?

பதில்: நிறுத்திக் காட்டலாம், ஓட்டக் கூடாது. ரப்பர் வெளியே பளபளத்தாலும் உள்ளிழைகள் செத்திருக்கும். ஹூசியர் போன்ற டயர் நிறுவனங்கள் பழைய தோற்றத்தில் புது டயர் தருகின்றன. அசலைக் காட்சிக்குத் தனி ரிம்மில் ஏற்றி வையுங்கள்.

ஹாலிபிரான்ட் மெக்னீசியம் சக்கரம் இருந்தால் இன்னும் கவனம். பெயின்டுக்கு அடியில் அரித்துக்கொண்டே போகும். ஓட்டுவதற்கு முன் பெயின்டை நீக்கி, சாயம் ஊடுருவும் சோதனையில் விரிசல் பாருங்கள், முக்கியமாக நடுத்துளையைச் சுற்றி.

கேள்வி (இந்தியானா): கண்காட்சிக்கு எந்தக் கியர் போடுவது? ரேஸில் ஓடிய அதே கியரில் எஞ்சின் அலறுகிறது.

பதில்: குவிக்-சேஞ்ச் பின் ஆக்சில் இருந்தால் எளிது. பின்மூடியைக் கழற்றினால் இரண்டு நேர்ப்பல் கியர்கள் கையில் வரும். ஆக்சிலின் நிலையான ரிங்-பினியன் கியர் விகிதம் 4.11 என்று வையுங்கள். 26 பல்லும் 24 பல்லும் ஒரு வகையில் மாட்டினால் மொத்த விகிதம் 4.45. அதே ஜோடியை மேல்கீழாக மாற்றினால் 3.79. அதே வேகத்தில் எஞ்சின் சுழற்சி ஏழில் ஒரு பங்கு குறைந்துவிடும். கிடைக்காத உதிரிபாகத்தோடு ஓடுகிற எஞ்சினுக்கு அது பெரிய ஓய்வு. இந்த மாற்றத்தை பிட்டில் ரசிகர்கள் முன்னாலேயே செய்யுங்கள், கூட்டம் தானே சேரும்.

கேள்வி (நியூயார்க் மாநிலம்): ஏற்பாட்டாளர் எங்களை முதல் ஆட்டமாக, தண்ணீர் லாரி போன கையோடு இறக்குகிறார். சேறு அள்ளி அடிக்கிறது. என்ன கேட்பது?

பதில்: தகுதிச் சுற்றுகள் முடிந்து முக்கிய ரேஸுக்கு முந்தைய இடைவேளையைக் கேளுங்கள். அப்போது தளம் அழுத்தி இறுகியிருக்கும், கேலரியும் நிறைந்திருக்கும். நனைந்த களிமண் சக்கரத்துக்குள் அப்பி அதிர்வு உண்டாக்கும், ரேடியேட்டரை அடைக்கும், கல்லோடு பறந்து கையால் எழுதிய பெயின்டைப் பெயர்க்கும். நேரமே இல்லை, முதலில்தான் இறங்க வேண்டும் என்றால் ரேடியேட்டர் முன் கம்பிவலை போடுங்கள்.

மிட்ஜெட், ஸ்பிரின்ட், கூப்பே மூன்றையும் ஒன்றாக இறக்காதீர்கள். வேகமும் பிரேக்கும் வேறு வேறு. ஒரு தொகுதிக்கு எட்டு கார், ஆறு சுற்று, முந்துதல் கிடையாது, மஞ்சள் கொடி விழுந்தால் எல்லோரும் உடனே மெதுவாக. இதைக் காகிதத்தில் எழுதி ஓட்டுநர் கூட்டத்தில் வாசித்துவிடுங்கள். பெரும்பாலான தகராறு, ‘இது ரேஸ் இல்லை’ என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்லாததால் வருகிறது.

கேள்வி (பென்சில்வேனியா): அக்கா ஒருத்தங்க கேக்கச் சொன்னாங்க: காரை நிறுத்திக் காட்டும்போது பலகையில என்ன எழுதணும்? குழந்தைகளை உள்ளே உட்கார வைக்கலாமா?

பதில்: பலகையில் எஞ்சின் விவரத்தை முதலில் எழுதாதீர்கள். எந்தத் தளங்களில், எந்த ஆண்டுகளில், யார் ஓட்டினார் என்பதுதான் முதல் வரி. அந்த ஊர்த் தளத்தில் ஓடியிருந்தால் அதைப் பெரிய எழுத்தில் போடுங்கள். கேலரியில் இருக்கும் ஒரு பெரியவர் அந்த எண்ணைப் பார்த்ததும் எழுந்து வருவார். அவர் சொல்வதைக் குறித்துக்கொள்ள நோட்டு ஒன்று மேசைமேல் இருக்கட்டும், காரின் வரலாறு அப்படித்தான் நிரம்புகிறது. அறிவிப்பாளருக்கு நாலு வரித் துண்டுச்சீட்டு தனியாகக் கொடுங்கள், பெயர்களை உச்சரிப்போடு எழுதி.

புதிதாகக் கட்டிய நகல் என்றால் ‘நகல்’ என்றே எழுதுங்கள். ரிச்சி எவன்ஸ் நாஸ்கார் அமைப்பின் மாடிஃபைட் கார் பிரிவில் ஒன்பது முறை சாம்பியன். அவருடைய ஆரஞ்சு நிற 61ஆம் எண்ணைப் பூசிய மரியாதைக் காரை அசல் என்று நம்பவிட்டால், அசலைக் காப்பாற்றி வைத்திருப்பவருக்கும் ரசிகருக்கும் செய்யும் துரோகம் அது.

குழந்தைகளை உட்கார வைக்கலாம், ஓட்டத்துக்கு முன்பு மட்டும். ஓடி வந்த காரின் புகைக்குழாய் உட்காரும் இடத்தை ஒட்டியே போகும், அரைமணி கழித்தும் தோலைச் சுடும். ஓடி வந்ததும் கயிறு கட்டிவிடுங்கள். மேக்னெட்டோ சுவிட்ச் அணைந்திருப்பதை உறுதி செய்யுங்கள், ஜாக்கில் நிற்கும் காரில் யாரையும் ஏற்றாதீர்கள். பிட்டுக்குள் சிறுவர்கள் வர பெற்றோர் கையெழுத்திட்ட தனிப் படிவம் வேண்டும். அதைவிடக் காரை வாசலருகே வெளியே நிறுத்துவது சுலபம்.

கேள்வி (அதே மாநிலம்): கதவில் கையால் எழுதிய பழைய எழுத்துகள் மங்கிவிட்டன. மேலே எழுதிவிடலாமா?

பதில்: வேண்டாம். மங்கியது மங்கியபடியே இருக்கட்டும், அதைத் திரும்ப வாங்க முடியாது. சேற்றைக் காய்ந்த பிறகு துடைத்தால் மணல் கீறும், அழுத்தக் குழாய் எழுத்தையே உரித்துவிடும். ஈரமாக இருக்கும்போதே தோட்டக் குழாயில் மெல்ல ஊறவிட்டு, மென்துணியால் ஒற்றி எடுங்கள்.

கேள்வி (ஒஹையோ): கடைகளில் கிடைக்கும் புது ஆயில் போதுமா?

பதில்: ஃபிளாட்-டேப்பெட் கேம் (கேம் மேடு தட்டையான டேப்பெட்டில் உரசி ஓடும் பழைய அமைப்பு) உள்ள எஞ்சினுக்குப் போதாது. புதுக் கார்களுக்கான ஆயிலில் துத்தநாகச் சேர்க்கை குறைவு, கேம் மேடுகள் தேய்ந்துபோகும். மில்லியனுக்கு 1200 பங்குக்குக் குறையாத துத்தநாகம் உள்ள ரேஸ் ஆயில் வாங்குங்கள். மாதக்கணக்கில் நின்ற எஞ்சின் என்றால் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, ஆயில் பிரஷர் ஏறும்வரை தள்ளிச் சுழற்றிய பிறகே பிளக் மாட்டுங்கள். இதைக் காட்சிக்கு முந்தைய நாளே வீட்டில் முடித்துவிட்டு டிரெய்லரில் ஏற்றுங்கள்.