பச்சைத் தண்ணீர் சூடா, குளிரா?

காலிமுகத்திடல் பாறையில் வழுக்குகிற பாசிக்கும் கடலின் சூட்டுக்கும் சம்பந்தம் உண்டா? (கொள்ளுப்பிட்டி வாசகர்)

இல்லை. கணக்கில் வருபவை கண்ணுக்குத் தெரியாத, மிதக்கும் நுண்தாவரங்கள் (தாவரப் பிளாங்டன்). உலகில் நடக்கும் ஒளித்தொகுப்பில் ஏறத்தாழப் பாதி இவற்றின் வேலை.

இவை கடலைச் சூடாக்கும் என்கிறார்கள். சோளகக் காலத்தில் மாத்தறைப் பக்கம் கடல் பச்சையாக, ஆனால் குளிராக இருக்கிறதே? (வெள்ளவத்தை வாசகி)

இரண்டும் சரிதான். முதலில் குளிர். தென்மேற்குக் காற்று கரையோரத்து மேல்நீரை வெளியே தள்ள, அடியிலிருந்து குளிர்ந்த நீர் எழும்பி வருகிறது. நைத்திரேற்று, பொசுபேற்று எல்லாம் அதோடு வரும். வயலுக்கு உரம் போட்ட மாதிரி. நுண்தாவரங்கள் பெருகி, செய்மதிப் படத்தில் தெற்குக் கரையோரம் பச்சையாகத் தெரியும். ஆக, குளிரைக் கொண்டுவந்தது காற்று.

இனிச் சூடு. வெள்ளைத் தட்டு ஒன்றைக் கயிற்றில் கட்டிக் கடலில் இறக்கிப் பாருங்கள். தெளிந்த நடுக்கடலில் 30 மீற்றர் ஆழத்திலும் தெரியும். பச்சைத் தண்ணீரில் சில மீற்றரிலேயே மறைந்துவிடும். ஆழத்துக்கு இறங்கவேண்டிய வெயில் மேலேயே பிடிபட்டுவிட்டது. அரபிக்கடலில் இது மேற்பரப்பு வெப்பநிலையையே மாற்றுகிறது என்று கடலியல் ஆய்வாளர் சுபா சத்தியேந்திரநாத்தும் சக ஆய்வாளர்களும் 1991இல் காட்டினார்கள். காற்று குளிரவைத்ததைத் தாவரம் கொஞ்சம் சூடேற்றும், அவ்வளவுதான், காற்றை வெல்லாது.

முகத்துவாரத்தில் மழைக்குப் பின் தெரியும் மண்ணிறம் வேறு கதை. அது களனி கங்கையின் சேறு.

எல் நினோவையும் இவை மாற்றுமா? (பம்பலப்பிட்டி வாசகர்)

எல் நினோ என்பது சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பசுபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடாவது. அது வந்தால் பசுபிக்கின் மத்திய கோட்டுப் பகுதியில் அடிநீர் எழும்புவது குறைந்து, தாவரங்களும் மெலிகின்றன. 1998 நடுப்பகுதியில் அது முடிந்ததும் பசுமை ஒரேயடியாகப் பொங்கியதை சீவிஃப்ஸ் என்ற செய்மதிக் கருவி பதிவுசெய்தது. மறுபக்கம் சிக்கலானது. பச்சை மேல்நீரைச் சூடாக்கும்போதே கீழே நிழல் விழுகிறது. அந்த நிழலில் குளிர்ந்த நீர் பிறகு எழும்பினால் மேற்பரப்பும் குளிரும். அதனால் கணினி மாதிரிகளில் சில எல் நினோவை வலுவாக்குகின்றன, சில அடக்குகின்றன. 'எல்லாம் பிளாங்டனால்தான்' என்று யாராவது வீடியோ போட்டால் நம்பிவிடாதீர்கள்.

கடல் வாசனைக்கும் மேகத்துக்கும் தொடர்பாமே? (மட்டக்குளி வாசகி)

உண்டு. நுண்தாவரங்களிலிருந்து பிறக்கும் ஒரு கந்தக வாயு அந்த வாசனையில் ஒரு பங்கு. (காலிமுகத்திடலில் இஸ்ஸோ வடை அதை முந்திவிடும்.) காற்றில் அது நுண்துகள்களாகி, மேகத்துளிகளுக்கு விதையாகிறது. மேகம் கூடினால் கடல் குளிரும் என்ற கருத்தை விஞ்ஞானி ஜேம்ஸ் லவ்லொக் உட்பட 4 பேர் 1987இல் முன்வைத்தார்கள். விதையாவது உண்மை, ஆனால் கடல் தன் சூட்டைத் தானே இப்படிக் கட்டுப்படுத்துகிறது என்ற பெரிய பகுதியைப் பிந்திய ஆய்வுகள் பலமாகக் கேள்விகேட்டுவிட்டன.