முதலில் பாலத்தைத் தூக்கு

கேள்வி: அக்கா, நான் பாம்பன். பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஆன்லைன் கேம் உருவாக்கும் வேலைக்குப் போக ஆசை. மதுரையில் ஒரு பயிற்சி நிலையத்தில் ஒன்றரை லட்சம் கேட்கிறார்கள். அப்பா விசைப்படகில் கூலிக்குப் போகிறவர். "கேம்னாலே சூதாட்டம், அதுல போய் காசைக் கொட்டணுமா" என்கிறார். லேப்டாப்பும் இல்லை. எங்கே தொடங்குவது?
- பெயர் வேண்டாம், பாம்பன்

பதில்:

அன்புத் தங்கச்சிக்கு,

அப்பா கோபப்படுவதில் நியாயம் இருக்கிறது. ஆன்லைன் ரம்மியில் பணத்தை விட்டவர்கள் கதையைக் கேட்ட எந்தத் தகப்பனும் அப்படித்தான் பேசுவார். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஆன்லைன் கேமிங் சட்டம் காசு வைத்து ஆடும் விளையாட்டுகளுக்குத் தடை போட்டது என்றும், காசு புழங்காத விளையாட்டுகளையும் இ-ஸ்போர்ட்ஸ் என்ற வீடியோ கேம் போட்டிகளையும் ஊக்குவிக்க வேண்டியவையாகத் தனியே பிரித்தது என்றும் அவரிடம் சொல். நீ போக நினைப்பது அந்த இரண்டாவது பக்கம். இதைச் சொன்னதும் சமாதானமாகிவிடுவார் என்று நான் நினைக்கவில்லை. நீ செய்த ஒன்றை அவர் கையில் கொடுக்கும்போது பேச்சு மாறும்.

சரி, ஒன்றரை லட்சம். இப்போது வேண்டாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுக் கூலி இல்லாத வீட்டில், வட்டிக்கு வாங்கிக் கட்டும் அளவுக்கு அந்தப் பயிற்சியில் எதுவும் இல்லை. கோடோ என்ற கேம் என்ஜின், அதாவது கேம் உருவாக்கும் மென்பொருள், முழுக்க இலவசம். அதில் எழுதும் மொழி பைத்தான் சாயலில் இருக்கும். ஆண்ட்ராய்டு போனிலேயே ஓடும் எடிட்டரும் உண்டு. சின்னத் திரையில் வேலை செய்வது எரிச்சல்தான், ஒரு கீபோர்டை மாட்டிக்கொண்டால் சமாளிக்கலாம். மீதியைக் கல்லூரி லேபில் செய். யூனிட்டி, அன்ரியல் என்ற வேறு இரண்டு என்ஜின்கள் கம்பெனிகளில் அதிகம் கேட்கப்படுபவை, ஆனால் கனமானவை. லேப்டாப் வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் கவிழ்வது ஒரே இடத்தில். நூறு பேர் ஒரே தீவில் குதித்துச் சுட்டுக்கொள்ளும் கேமைத்தான் முதலில் செய்வேன் என்பார்கள். பாதியில் நிற்கும். நீ ஒரே ஒரு பொத்தான் உள்ள கேமைச் செய்து முடி. உன் வீட்டுப் பக்கத்திலேயே ஒன்று இருக்கிறதே! 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் ரயில் பாலத்தின் நடுவில் 72.5 மீட்டர் நீளத் துண்டு செங்குத்தாக மேலே போகிறது. கடலில் கப்பல் காத்திருக்கிறது, மண்டபம் பக்கமிருந்து ரயில் வருகிறது. திரையைத் தொட்டால் பாலம் ஏறும், மறுபடி தொட்டால் இறங்கும். கப்பலும் போக வேண்டும், ரயிலும் நிற்கக் கூடாது. அவ்வளவுதான் கேம். படம் வரையத் தெரியாவிட்டால் பாலத்துக்கு ஒரு செவ்வகம், ரயிலுக்கு ஒரு செவ்வகம் போதும். ஆனால் ஸ்கோர், சத்தம், தோற்றால் மறுபடி ஆரம்பிக்கும் பொத்தான் எல்லாம் இருக்க வேண்டும். அந்தச் சில்லறை வேலைகளில்தான் பாதி நேரம் போகும், முடிப்பது என்பதும் அதுதான்.

அது முடிந்ததும் ஆன்லைனுக்கு வா. அதே கேமை இரண்டு போனுக்குப் பிரி. ஒருத்தி ரயிலை ஓட்டுகிறாள், இன்னொருத்தி பாலத்தைத் தூக்குகிறாள். முதலில் ஒரே ஹாட்ஸ்பாட்டில் இரண்டையும் இணைத்துப் பார், நன்றாக ஓடும். அப்புறம் மொபைல் டேட்டாவில் முயன்று பார், பெரும்பாலும் இணையவே இணையாது. மொபைல் டேட்டாவில் இருக்கும் போன்கள் ஒன்றையொன்று நேரடியாகக் கூப்பிடுவது கடினம், இரண்டும் வந்து சேர நடுவில் ஒரு சர்வர் வேண்டும். அதையும் அமைத்த பிறகுதான் உண்மையான சிக்கல் தெரியும். தோழியின் போனில் பாலம் இறங்கிவிட்டது. சிக்னல் ஒரு கோட்டில் நிற்கும் உன் போனில் இன்னும் பாதி உயரத்தில் நிற்கிறது. உன் ரயில் மோதியதா, கடந்ததா? இரண்டு போனும் ஆளுக்கொன்று சொன்னால் யார் சொல்வது கணக்கு?

ஆன்லைன் கேம் தொழிலின் சாரமே இந்தக் கேள்விதான். பொதுவாகச் சர்வர் சொல்வதே முடிவு என்று வைப்பார்கள். போனை நம்பினால் ஏமாற்றுகிறவன் போனையும் நம்ப வேண்டி வரும். ஆனால் ஒவ்வொரு தொடுதலுக்கும் சர்வரின் பதிலுக்குக் காத்திருந்தால் கேம் இழுத்துக்கொண்டு போகும். அதனால் தொட்டவுடன் உன் திரையில் பாலம் நகர ஆரம்பித்துவிடும். சர்வர் வேறு மாதிரிச் சொன்னால், கண்ணை உறுத்தாமல் மெல்லத் திருத்திக்கொள்ளும். நொடியில் பத்தில் ஒரு பங்கு தாமதத்தை ஆடுகிறவருக்குத் தெரியாமல் மறைக்க எவ்வளவு மூளை செலவாகிறது என்பதைச் செய்து பார்த்தால்தான் புரியும். நல்ல ஃபைபர் இணைப்பில் உட்கார்ந்து எழுதுகிறவர்களுக்கு இந்தக் கோளாறு சீக்கிரம் கண்ணில் படாது. தனுஷ்கோடி போகும் பஸ்ஸில் உட்கார்ந்து உன் கேமை ஓட்டிப் பார், அத்தனையும் வெளியே வந்துவிடும். இதில் உனக்கு ஊரே உதவி.

வெளியிட இட்ச்.ஐஓ தளத்தில் காசு வேண்டாம், பிரவுசரிலேயே ஆடும்படி ஏற்றலாம். கூகுள் பிளேயில் ஒருமுறை 25 டாலர் கட்ட வேண்டும். புதிதாகத் தொடங்கும் தனிநபர் கணக்கு என்றால், 12 பேர் தொடர்ந்து 14 நாள் சோதனையில் இருந்தால்தான் பொதுவில் விட அனுமதி கேட்கவே முடியும். உன் வகுப்பிலேயே ஆள் தேறும். லூடம் டேர் மாதிரி, இரண்டு மூன்று நாளில் ஒரு கேமைச் செய்து முடிக்கும் இணையப் போட்டிகளிலும் கலந்துகொள். பரிசுக்காக இல்லை, கெடு இருந்தால் கை ஓடும்.

வேலை விஷயத்தைப் பூசி மெழுக விரும்பவில்லை. கேம் கம்பெனிகள் பெங்களூரு, ஹைதராபாத், புனே பக்கம்தான் அதிகம், ஊரை விட்டுப் போக வேண்டியிருக்கும். புதியவர்கள் பலர், கேமை ஆடிப் பார்த்துப் பிழை கண்டுபிடிக்கும் சோதனையாளராகத்தான் உள்ளே நுழைகிறார்கள். 2023, 2024இல் உலகம் முழுக்கப் பெரிய கம்பெனிகளே ஆட்களைக் கூட்டமாக வெளியேற்றின. அதனால் டிகிரியை அலட்சியம் செய்யாதே, குறிப்பாக நெட்வொர்க்ஸ், டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் பேப்பர்களில் அரியர் வைக்காதே. சர்வர் எழுதத் தெரிந்தவளுக்குக் கேம் கம்பெனி கதவு திறக்காவிட்டாலும் வேறு சாப்ட்வேர் கம்பெனி திறக்கும். அழைப்பு வந்தால், அந்தக் கம்பெனி எதில் சம்பாதிக்கிறது என்று விசாரித்துவிட்டுப் போ. அப்பா பயந்த பக்கத்துக்கே போய் நிற்க வேண்டாம்.

இரண்டு கேமையும் முடித்த பிறகும் அந்த மதுரை நிலையத்தில் சேரத் தோன்றினால், பணம் கட்டுவதற்கு முன், அங்கே படித்தவர்கள் வெளியிட்ட கேம் ஒன்றை உன் போனிலேயே இறக்கித் தரச் சொல். சுவரில் மாட்டிய போட்டோவைக் காட்டினால் எழுந்து வந்துவிடு.